ஈரலில் கட்டி: பெற்றோருக்காகக் கேட்கும் பிள்ளைகளுக்குப் பதில்கள்

ஈரல் நோயாளரைப் பல ஆண்டுகள் கவனித்த ஓய்வுபெற்ற வைத்தியன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பெற்றோரை நேரில் பரிசோதிக்கும் வைத்தியரின் சொல்லே இறுதியானது.

கேள்வி (கொக்குவில்): ஐயா, அப்பாவுக்கு 64 வயது. மதுவைத் தொட்டதே இல்லை. இருபது வருடமாக நீரிழிவு உண்டு. ஈரலில் 4 சென்ரிமீற்றர் கட்டி. ஊசி குத்திப் பார்க்காமலே புற்றுநோய் என்று எப்படிச் சொன்னார்கள்? வெட்டி எடுக்கலாமா?

பதில்: நீரிழிவோடு சேர்ந்து வரும் கொழுப்பு ஈரல், எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகளில் ஈரலை இறுகச் செய்து சிரோசிஸ் ஆக்கிவிடுவதால், குடிக்காதவருக்கும் இந்நோய் வருகிறது, ஊர்வாய் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். சிரோசிஸ் உள்ளவருக்கு, மருந்து ஏற்றி எடுக்கும் சீ.ரி. ஸ்கானின் முதற்கட்டத்தில் கட்டி பளிச்சென்று தெரிந்து, பின்கட்டங்களில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிவிட்டால், அந்தத் தோற்றமே பெரும்பாலும் போதுமானது.

வெட்டலாமா என்பதைக் கட்டியின் அளவு மாத்திரம் தீர்மானிப்பதில்லை. எஞ்சும் ஈரல் உடலைத் தாங்குமா என்பதே பெரிய கேள்வி. இரத்தத்தில் உள்ள பிலிருபின் (மஞ்சள் நிறப்பொருள்), அல்புமின் (ஒரு புரதம்), இரத்தம் உறையும் தன்மை, வயிற்றில் நீர், மனத்தெளிவு ஆகிய ஐந்தையும் பார்த்து ஈரலின் பலத்தைச் சைல்ட்-பியூ ஏ (நல்ல பலம்), பீ, சீ (மிகக் குறைந்த பலம்) என வகுப்பார்கள். அடுத்த கிளினிக்கில், அப்பா எந்த வகுப்பு என்பதையும், குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்துக்குள் கட்டி புகுந்திருக்கிறதா என்பதையும் முதலில் கேளுங்கள். ஏ வகுப்பாகவும், நாளத்தில் அழுத்தம் மிகாமலும், கட்டி ஒன்றாகவும் இருந்தால் சத்திரசிகிச்சையைப் பற்றி நம்பிக்கையோடு பேசலாம்.

கேள்வி (சாவகச்சேரி): அம்மாவுக்கு 71 வயது. சத்திரசிகிச்சை சரிவராது, கட்டிக்குப் போகும் இரத்தக்குழாயை அடைக்கலாம் என்கிறார்கள். இதுவும் கீமோதானா?

பதில்: ஓரளவுக்கு ஆம். ஈரல் தன் இரத்தத்தின் பெரும்பங்கைப் போர்ட்டல் நாளத்திலிருந்து பெறுகிறது. இந்தக் கட்டியோ ஈரல் நாடியை (இதயப் பக்கமிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாயை) நம்பியே வளர்கிறது. ஆகவே தொடையிடுக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் நாடிக்குள்ளேயே மருந்தை விட்டு அதை அடைக்கிறார்கள். முடி கொட்டுவது அரிது. சில நாட்கள் காய்ச்சல், வயிற்றுநோ, ஓங்காளம் இருக்கலாம். இது பெரும்பாலும் நோயைக் கட்டுப்படுத்துமே தவிர முற்றாக நீக்காது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கட்டி 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்டதாயின், ஊசி செலுத்திச் சூட்டால் அழிக்கும் முறை பொருந்துமா என்றும் கேளுங்கள்.

கேள்வி (நல்லூர்): கனடாவில் இருக்கும் மாமா, அப்பாவை உடனே இந்தியாவுக்குக் கொண்டுபோய் ஈரல் மாற்றச் சொல்கிறார். ஈரல் கொடுக்க நான் தயார்.

பதில்: மாற்று ஈரல், கட்டியையும் அது முளைத்த சிரோசிஸையும் ஒன்றாக நீக்குவதால், பொருந்துபவருக்கு மிகச் சிறந்தது. யார் பொருந்துவார் என்று பார்க்க, 1996 இல் வெளியான மிலான் அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை, இரத்தக்குழாய்க்குள்ளோ ஈரலுக்கு வெளியிலோ பரவியிருக்கக் கூடாது. காணியை ஈடு வைப்பதற்கு முன் ராகம போதனா வைத்தியசாலையின் ஈரல் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அங்கும் ஈரல் மாற்றுகிறார்கள். கொடுப்பவருக்கும் அது பெரிய சத்திரசிகிச்சை. உறவினரின் நெருக்குதலால் அன்றி, உங்கள் மனம் ஒப்பினால் மாத்திரமே முன்வாருங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): அப்பாவுக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கலாமா? முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக் போடுகிறார்.

பதில்: கீழ்க்காய்நெல்லி இக்கட்டியைக் கரைக்காது, மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கவும் வேண்டாம். டைக்குளோபினாக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுத்து, இரத்தப்போக்கையும் உண்டாக்கக்கூடும். நோவுக்கு, வைத்தியரின் சம்மதத்தோடு, பரசிற்றமோல் நாளுக்கு 2 கிராமுக்கு மேற்படாமல் எடுக்கலாம்.

கேள்வி (மானிப்பாய்): அப்பா புற்றுநோய்க்கான சொறாபெனிப் குளிசை எடுக்கிறார். இப்போது பகலில் நித்திரை, இரவில் விழிப்பு. குளிசையால் வந்த களைப்பா?

பதில்: களைப்பும் இருக்கலாம், ஆனால் இரவும் பகலும் மாறுவது, ஈரல் அகற்றாத நஞ்சு மூளையைத் தொடுவதன் முதல் அடையாளமாகவும் இருக்கும். ஒரு தாளில் கையொப்பம் இடச் சொல்லிப் பழைய வங்கிப் புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கைகளை நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடிக்கச் சொல்லுங்கள். காக்கைச் சிறகு போல் கை அடித்தால், அடுத்த கிளினிக் வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மலத்தை இளக்கும் லக்ருலோஸ் பாணியில் பலர் தெளிந்துவிடுகிறார்கள். முற்காலத்தில் வைத்தியர்கள் நிறுத்தச் சொன்னார்கள் என்பதற்காக மீனையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள், உடல் உருகிவிடும். குறைக்க வேண்டியது உப்பு, அதிலும் கருவாடும் அப்பளமும்.