கடல் பறவைக்கு எதற்குப் பழங்காடு? – மர்லெட் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் மார்பிள்ட் மர்லெட் என்ற சிறு கடற்பறவையைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: சார், கடலில் மீன் பிடிக்கிற பறவைக்குக் காட்டில் என்ன வேலை?

முட்டை வைக்கத்தான் வருகிறது. கூடு கட்டத் தெரியாது. ரெட்வுட், டக்ளஸ் ஃபிர் போன்ற வயதான மரங்களின் உயரத்தில், பாசி படர்ந்த பருத்த கிளையில் ஒரு சிறு குழிவு போதும். அதில் ஒரே ஒரு முட்டை. தாயும் தந்தையும் 24 மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி அடைகாக்கும். கூடு கரையிலிருந்து 80 கி.மீ. உள்ளேகூட இருக்கலாம்; கருக்கலில் வந்து போவதால் யார் கண்ணிலும் படாது. 1974-இல்தான் கலிஃபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில், கிளை கழிக்க மரமேறிய ஒருவர் குஞ்சோடு ஒரு கூட்டைக் கண்டார்.

கேள்வி: வெட்டிய இடத்தில் அதே மரத்தை நட்டால் போதாதா அண்ணா?

போதாது தம்பி. மரம் வளர்ந்துவிடும். முட்டை உருளாமல் தாங்கும் அளவுக்குக் கிளை பருத்து, அதில் பாசியும் ஏற நூறு, இருநூறு ஆண்டுகள் வேண்டும். மரத்துக்காக வளர்க்கும் காட்டை அதற்கு வெகு முன்பே வெட்டிவிடுகிறார்கள். நெருக்கமான இளங்காட்டில் சில மரங்களைக் கழித்தால் வெளிச்சம் பட்டுக் கிளைகள் சீக்கிரம் பருக்கும். செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் அதன் பலன் பல தலைமுறை தள்ளித்தான். இன்றிருக்கும் பறவைக்கு இன்றிருக்கும் பழங்காடு மட்டுமே கதி.

கேள்வி: சட்டம் காப்பாற்றவில்லையா?

வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களில் 1992 முதல் கூட்டரசுப் பாதுகாப்பு உண்டு. 1994-இன் வடமேற்கு வனத் திட்டம் கூட்டரசுக் காடுகளில் பெரும்பகுதியைப் பாதுகாப்புக்கென ஒதுக்கியது. அந்தத் திட்டம் தனியார் காடுகளைக் கட்டுப்படுத்தாது. என் பார்வையில் பெரிய ஓட்டை அதுதான்.

கேள்வி: அந்தக் காடுகளில் உள்ள சுற்றுலா முகாம்களில் தின்பண்டம் சிந்தாதே என்கிறார்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. காகக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர்ஸ் ஜேயும் அண்டங்காக்கையும் மர்லெட்டின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். முகாமில் சிந்தும் சிப்ஸ் துண்டு அவற்றைக் கூட்டிவருகிறது. காட்டைத் துண்டு துண்டாக வெட்டினாலும் இதே கதை: வெட்டிய ஓரத்தில் பழச்செடிகள் மண்டும், ஜேக்கள் பெருகும். அதனால் பத்துச் சிறு துண்டுகளைவிட, இடைவெளியில்லாத ஒரே பெருங்காடு மேல். கலிஃபோர்னியப் பூங்காக்களில் இன்னொரு வழியும் பார்த்தார்கள். மர்லெட் முட்டை போலவே நிறம் தீட்டிய கோழி முட்டையில் குமட்டும் மருந்தைச் செலுத்தி வைத்தார்கள். தின்று வாந்தியெடுத்த ஜே, பிறகு அந்த நிற முட்டையைத் தொடத் தயங்கும்.

கேள்வி: கடலில் ஆபத்து இல்லையா?

உண்டு. எண்ணெய்க் கசிவு, செவுள் வலை, இரை மீன் குறைவு. 1989 எக்ஸான் வால்டெஸ் விபத்தில் அலாஸ்காவில் ஏராளமான மர்லெட்டுகள் செத்தன.

கேள்வி: அங்கே போனால் பார்க்க முடியுமா ஐயா?

கோடையில், சூரியன் எழ முக்கால் மணி நேரம் முன்பே பழங்காட்டில் போய் நில்லுங்கள். தலைக்கு மேல் “கீர், கீர்” என்று கேட்கலாம். கூட்டைத் தேடாதீர்கள். பறவையைப் பார்க்க வேண்டுமானால் கரையில் நின்று அலைகளுக்கு அப்பால் பாருங்கள், பெரும்பாலும் ஜோடியாக மிதக்கும். பைனாகுலர் அவசியம்.