இத்தாலியில் கையால் தைக்கும் ஷூ: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: ஃபிளாரன்ஸில் ஒரு கடை, 'கையால் செய்தது, அளவுக்குத் தைத்துத் தருகிறோம்' என்று 600 யூரோ சொல்கிறது. அடுத்த தெருவிலுள்ள பட்டறை, பார்வைக்கு அதே மாதிரி ஷூவுக்கு 3,500 யூரோ கேட்கிறது. பெயருக்குத்தான் இவ்வளவு விலையா?

பதில்: பெயருக்கும் கொஞ்சம் உண்டு. பெரும்பகுதி அச்சுக்கும் அதன் பின்னாலுள்ள வேலை நேரத்துக்கும். ஷூவைக் காலின் மேல் தைக்க முடியாது. கால் வடிவிலுள்ள மர அச்சின் மேல்தான் தோலை இழுத்துக் கட்டுவார்கள். இத்தாலியில் அதை 'ஃபோர்மா' என்பார்கள். உண்மையான தனித் தயாரிப்பில் உங்கள் வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என்று மரத்தை அரம் போட்டு உருவாக்குகிறார்கள். 600 யூரோ கடையில் ஏற்கெனவே இருக்கும் அச்சில் உங்கள் அளவுக்கு நெருக்கமானதை எடுப்பார்கள். தோல், நிறம், அடித்தோல் மட்டும் உங்கள் விருப்பம்.

இரண்டுக்கும் 'சு மிசூரா', அதாவது 'அளவுக்கு', என்ற ஒரே சொல்லைப் போடுவதால்தான் குழப்பம். எனவே நேராக இரண்டு கேள்வி கேளுங்கள்: என் காலுக்கென்று தனி அச்சு செய்வீர்களா? முடிப்பதற்கு முன் சோதனை ஷூ போட்டுப் பார்க்க விடுவீர்களா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் அது ஏமாற்று அல்ல. வேறு வகைப் பொருள், அவ்வளவுதான். கடை ஷூ உறுத்தாமல் பொருந்துகிற கால் உள்ளவருக்கு அது நல்ல வாங்கலே. அதே அச்சில் செய்த ஒரு ஜோடியைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். எங்கள் கவலை நடுவில் நிற்கும் விலை பற்றியதுதான்: 1,500 யூரோ, பத்து நிமிட அளவு, சோதனை ஷூ கிடையாது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு நாள் பயணம்தான். அதற்குள் முடியுமா?

பதில்: முடியாது. நான்கு நாளில் தருகிறேன் என்பவர் தனி அச்சு செய்யவில்லை. முதல் வருகையில் அளவெடுப்பார்கள். சோதனை ஷூ தயாராகச் சில மாதம் பிடிக்கும். முழு வேலையும் முடிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்கூட ஆகலாம். சில பட்டறைக்காரர்கள் நியூயார்க், டோக்கியோ போன்ற நகரங்களுக்கு அவ்வப்போது வந்து அளவெடுப்பதும் சோதனை ஷூ போட்டுப் பார்ப்பதும் உண்டு. இரண்டாம் முறை இத்தாலி போக வழியில்லை என்றால் இதை முதலிலேயே விசாரியுங்கள்.

அளவெடுக்க மாலையில் போங்கள். நடந்து நடந்து கால் வீங்கியிருக்கும் நேரம் அது. அந்த ஷூவுடன் போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். தாளில் பாதத்தின் ஓரத்தை வரையும்போது பென்சில் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் சில மில்லிமீட்டர் குறைந்துவிடும். ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததுக்கும் நீளத்தில் 6.67 மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தச் சாய்வு எவ்வளவு பெரிது என்பது புரியும். விரல் மூட்டு, பாதத்தின் நடு, மேற்பாதம், குதிகாலிலிருந்து மேற்பாதம் வரை என்று ஒவ்வொரு சுற்றளவையும் இரண்டு காலிலும் எடுக்க வேண்டும். கால் ஆணி, பழைய எலும்பு முறிவு, ஷூவுக்குள் வைக்கும் மருத்துவத் தகடு எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இறுக்கம் உங்களுக்கே தெரியாது.

சோதனை ஷூதான் நீங்கள் கொடுக்கும் பணத்தின் உயிர். மலிவான தோலில் செய்து, தற்காலிகமாக அடி போட்டிருப்பார்கள். நல்ல கைவினைஞர் அதை உங்கள் காலில் மாட்டி நிற்க வைத்து, கத்தியால் முனையையும் பக்கத்தையும் கீறித் திறப்பார். உள்ளே விரல் எங்கே படுகிறது, எங்கே காலியாக இருக்கிறது என்பது அந்த வாய் வழியாகத் தெரியும். உடனே பென்சிலால் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பின்படி அச்சில் மரத்தைச் சீவுவார் அல்லது தோல் துண்டு ஒட்டி ஏற்றுவார்.

அந்த நேரத்தில், தையல்காரரிடம் சொல்வதுபோல 'லேசா பிடிக்குது, பரவாயில்லை' என்று சொல்லிவிடாதீர்கள். கெட்டியான தரையில் பத்து நிமிடமாவது நடங்கள். மடிப்பு விரல் மூட்டின் மேலேயே விழ வேண்டும். முன்னாலோ பின்னாலோ விழுந்தால் அச்சின் மூட்டு இடம் தவறியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு என்னும் கயிறு கட்டும் ஷூவில், கட்டியதும் கயிறு ஓடும் இரு ஓரத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி நல்லது. புதிதிலேயே முழுதாக மூடிக்கொண்டால், தோல் தளர்ந்த பின் இறுக்க இடமிருக்காது. முடிந்த ஷூவில் குதிகால் முதல் சில நாள் லேசாக எழும்புவது அடித்தோலின் விறைப்பால், அது போய்விடும். அச்சின் குதிப்பகுதி அகலமாக இருந்து எழும்பினால் போகாது.

கேள்வி: உண்மையிலேயே கையால் தைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முடிந்த ஷூவை வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். உள்ளே அடித்தட்டின் மேல் சுற்றிலும் தையல் ஓடினால் அது பெரும்பாலும் பிளேக் என்னும் இயந்திரத் தையல். அது குற்றமில்லை, மெல்லிய, இலகுவான இத்தாலிய ஷூ பல அப்படித்தான்.

வெல்ட், அதாவது மேல்தோலையும் அடியையும் இணைக்க ஓரத்தைச் சுற்றித் தைக்கும் தோல் பட்டை, வைத்துத் தைத்தது என்றால், பட்டறையில் பாதி வேலையிலிருக்கும் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். உள் அடித்தட்டில் துணிப் பட்டை ஒட்டி அதில் வெல்ட்டைத் தைத்திருந்தால் அது குட்இயர் இயந்திர வேலை. கை வேலையில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடித்த தோலிலேயே கத்தியால் ஒரு விளிம்பு செதுக்கி, மெழுகேற்றிய லினன் அல்லது ஹெம்ப் நார் நூலை அதன் ஊடே இழுத்திருப்பார்கள். ஒட்டிய துணிப் பட்டை பசை விட்டு நகரலாம். தோலில் செதுக்கியது நகராது. அதனால் பலமுறை அடி மாற்றலாம்.

கேள்வி: பாதிப் பணம் முன்னால் கேட்கிறார்கள். பிடிக்காவிட்டால் திரும்ப வருமா?

பதில்: ரசீதில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். 'கப்பார்ரா கொன்ஃபிர்மத்தோரியா' என்றிருந்தால், இத்தாலியச் சிவில் சட்டத்தின் 1385ஆவது பிரிவுப்படி நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். அவர் செய்து தராவிட்டால் இரட்டிப்பாகக் கேட்கலாம். 'அக்கோந்தோ' என்றிருந்தால் அது வெறும் முன்பணம். இணையத்தில் வாங்கினால் 14 நாளில் திருப்பலாம் என்ற உரிமை, உங்கள் அளவுக்கென்று செய்த பொருளுக்குக் கிடையாது. குறைபாடுகளுக்கான இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு.

ஆனால் 'பொருந்தவில்லை' என்பது குறைபாடா என்று வாதாடும் நிலை வராமலிருக்க, எத்தனை முறை போட்டுப் பார்ப்பது, பொருந்தாவிட்டால் அச்சைத் திருத்தி மறுபடி செய்வார்களா, எந்த மாதம் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அச்சு யாரிடம் இருக்கும், இரண்டாவது ஜோடிக்கு விலை குறையுமா என்பதையும் சேர்த்து.

கேள்வி: வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: விலையில் 22 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால், வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்றாவது மாத முடிவுக்குள் பொருளைக் கையில் எடுத்துப்போய், ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் இடத்துச் சுங்கத்தில் பதிந்து திரும்பப் பெறலாம். வரியைத் திருப்பித் தர நடுவில் இருக்கும் நிறுவனம் கட்டணம் பிடிக்கும். கூரியரில் அனுப்பினால் ஏற்றுமதி என்று வரியில்லாமலே பில் போடலாம். உங்கள் நாட்டு இறக்குமதி வரி வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: அடி எப்போது மாற்ற வேண்டும்?

பதில்: அடித்தோலின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் ஓட்டை விழும்வரை காத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள். ஓட்டை விழுந்தால் ஈரம் உள் அடித்தட்டுக்கு ஏறி, வெல்ட்டைத் தாங்கும் விளிம்பே கெட்டுப்போகும். முடிந்தவரை செய்த பட்டறைக்கே அனுப்புங்கள். உங்கள் அச்சு அங்கேதான் இருக்கிறது. அதை உள்ளே மாட்டி அடி மாற்றினால்தான் பழைய வடிவம் கெடாமல் திரும்பும்.