கல்முனையா மட்டக்களப்பா?

அண்ணன், நம்ம இலங்கைக் கிழக்குக் கரையில் கல்முனை, மட்டக்களப்பு இரண்டில் துணிக்கடை போட எந்த ஊர், மகளின் கம்பஸ் படிப்புக்கு எது வசதி என்று கேட்டிருந்தீங்க. கடைக்கென்றால் கல்முனை. மருதமுனை பக்கத்திலேயே, கைத்தறிச் சாரமும் (லுங்கி) சாறியும் நெசவுக்காரரிடமே நேரே எடுக்கலாம். வேளாண்மை (நெல்) வெட்டிக் காசு புழங்கும்போது பஸாரில் கால் வைக்க இடமிராது. ஆனால் ரயில் மட்டக்களப்போடு சரி, கொழும்புச் சரக்குக்கு லொறிதான்.

மகளுக்குப் பொறியியல் என்றால் கல்முனைக்குத் தெற்கே ஒலுவில், தென்கிழக்குப் பல்கலைக்கழகம். நடனம், சங்கீதம் என்றால் மட்டக்களப்புக் கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். வடமோடி, தென்மோடிக் கூத்துப் பார்க்கவும் எங்கட பக்கம்தான் வரவேணும் (நான் மட்டக்களப்பான், கொஞ்சம் பக்கச்சார்புதான்). விவசாயபீடம் கிடைத்தால் மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகம். கல்முனையிலிருந்து தினமும் பஸ் ஏறுவது பெரும்பாடு. கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சைப் புள்ளி) வருமட்டும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திராதீங்க.