ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு பி.எஃப். கட்டும் பொறுப்பு யாருடையது?

கேள்வி: சிறு பேக்கிங் கூடம் ஒன்றை நடத்துகிறேன். நேரடி ஊழியர்கள் 14 பேர். ஏற்றி இறக்கும் வேலைக்கும் துப்புரவுக்கும் ஒப்பந்தக்காரர் மூலம் 9 பேர் ஒன்றரை ஆண்டுகளாக வருகிறார்கள். 20 பேர் இல்லை என்பதால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பதிவு செய்யவில்லை. இப்போது விசாரணை நோட்டீஸ் வந்துள்ளது. ஒப்பந்தக்காரர் ‘என் ஆட்களை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். தெரிந்த ஏஜென்ட் ஒருவரோ ‘பேசி முடித்துவிடலாம்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் கணக்கு தொடக்கத்திலேயே தவறிவிட்டது. ஒப்பந்தக்காரர் மூலம் உங்கள் நிறுவனத்தின் வேலையைச் செய்பவரையும் ஊழியராகவே சட்டம் கருதுவதால், 14-உம் 9-உம் சேர்ந்து 23 ஆகிறது. அந்த எண்ணிக்கை 20-ஐத் தொட்ட நாளிலிருந்தே உங்களுக்குக் கடமை தொடங்கிவிட்டது. இன்று ஐந்து பேரை நிறுத்தினாலும் அது நீங்காது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 10 பேரே போதும் என்பதால் அதையும் உடனே கவனியுங்கள்.

ஒப்பந்தக்காரர் தமது சொந்த பி.எஃப். பதிவு எண்ணில் அந்த 9 பேருக்கும் உண்மையாகவே பணம் கட்டியிருந்தால், நீங்கள் இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை. கட்டாதிருந்தால் முதன்மை முதலாளி, அதாவது அந்த ஆட்களிடம் வேலை வாங்குபவர், என்ற முறையில் பொறுப்பு உங்களுடையது. ஆகவே அவருடைய வாய்மொழியை நம்ப வேண்டாம். பல இடங்களுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சலானைக் காட்டுவார். அதில் உங்கள் ஆட்களின் பெயர் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. சலானைத் திருத்தி அச்சிடுவதும் பெரிய வித்தையன்று. வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் பகுதியில் ஒப்பந்தக்காரரின் பெயரை இட்டால், எந்த மாதத்துக்கு யார் யாருக்குக் கட்டப்பட்டது என்ற பட்டியலே கிடைக்கும். அதில் 9 பெயர்களையும் மாதவாரியாகச் சரிபாருங்கள்.

கட்டவில்லை என்று தெரிந்தால் சுமை எவ்வளவு என்பதைப் பாருங்கள். மாதம் 12,000 ரூபாய் அடிப்படை ஊதியமுள்ள ஒருவருக்கு இரு தரப்புப் பங்கும் 24 சதவீதம். காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து இன்னும் 1 சதவீதம். ஆக மாதம் 3,000 ரூபாய். 18 மாதத்துக்கு ஒருவருக்கு 54,000, 9 பேருக்கு 4,86,000. இதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், 2024 ஜூன் மாதத் திருத்தத்தின்படி மாதத்துக்கு 1 சதவீத அபராதமும் உண்டு. ஊதியம் கொடுத்தபோது பிடிக்காமல் விட்ட தொழிலாளியின் பங்கை இப்போது அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது என்பதால், அதுவும் உங்கள் கையிலிருந்தே போகும். ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய பில்லில் கழித்துக்கொள்ளலாம். தொழிலாளியின் கூலியில் கை வைக்கக் கூடாது. உங்கள் 14 நேரடி ஊழியர்களுக்கும் இதே கணக்குத்தான்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒரு விலக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்; ஏஜென்ட்டுகள் அதைத்தான் கடைவிரிப்பார்கள். ‘15,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு பி.எஃப். வேண்டாம்’ என்பது பாதி உண்மை. பார்க்க வேண்டியது கைக்கு வரும் மொத்தச் சம்பளம் அன்று. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த ஊதியம். மொத்தம் 18,000 கொடுத்து அடிப்படையை 9,000 என்று எழுதியிருந்தால் அவர் விலக்கில் வரமாட்டார். ஊதியம் உண்மையிலேயே 15,000-ஐத் தாண்டினாலும், முந்தைய வேலையில் உறுப்பினராகி அந்தக் கணக்கை முடிக்காமல் வைத்திருப்பவருக்கு விலக்கு இல்லை. சேரும்போது அந்த வரம்புக்குக் கீழே இருந்து, பிறகு உயர்வு பெற்றவருக்கும் இல்லை. படிகளாகப் பிரித்துக் காட்டும் பழைய தந்திரத்தை, எல்லாருக்கும் ஒரே சீராகத் தரப்படும் படியும் அடிப்படை ஊதியமே என்ற 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஏற்கெனவே உடைத்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ, விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதை ஊதியத்தோடு சேர்த்துவிடுகின்றன.

இனி அந்த ஏஜென்ட். ‘பேசி முடிப்பது’ என்று எதுவும் இல்லை. நிலுவை என்பது தொழிலாளியின் பணம். அதைக் குறைத்துத் தள்ளுபடி செய்ய எந்த அதிகாரிக்கும் அதிகாரம் கிடையாது. கூடத்தை மனைவி பெயரில் இரண்டாகப் பிரிக்கலாம் என்றும் சொல்வார். ஒரே நிர்வாகம், ஒரே கதவு என்றால் இரண்டையும் ஒன்றாகவே கருதுவார்கள். இதைவிட மோசமானது, பதிவு செய்யும்போது அவர் தம் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்து, உங்கள் டிஜிட்டல் கையொப்பச் சாதனத்தையும் தம் மேசை டிராயரில் வைத்துக்கொள்வது. பிறகு ஓ.டி.பி.யும் நோட்டீஸும் அவருக்கே போகும். கட்டணத்தில் சிறு தகராறு வந்தால்கூட உங்கள் கணக்கை நீங்களே திறக்க முடியாது. கடவுச்சொல்லும் சாதனமும் உங்களிடமே இருக்கட்டும்.

பதிவு தொடங்கியதும் அமைப்பின் அருமையை நீங்களே காண்பீர்கள். ஆதாரில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னாலும் உங்கள் பதிவேட்டில் முன்னாலும் இருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும். நம் ஊர் முன்னெழுத்து வழக்கத்தை இத்தனை ஆண்டுகளாகியும் அந்த மென்பொருளுக்குக் கற்றுத்தர யாருக்கும் தோன்றவில்லை. ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பதியுங்கள்.

விசாரணை நாளில் கட்டாயம் ஆஜராகுங்கள். வராதவருக்கு, அதிகாரியிடம் இருக்கும் ஆவணத்தை வைத்து ஒருதலைப்பட்சமாகவே தொகை நிர்ணயிக்கப்படும். வருகைப் பதிவேடு, ஊதியப் பட்டியல், வாயில் பதிவேடு, ஒப்பந்தக்காரரின் பில்கள் ஆகியவற்றை மாதவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். பில்லில் பெயர்ப் பட்டியல் இல்லாமல் ‘ஆள் கூலி’ என்று மொத்தத் தொகை மட்டும் இருந்தால், அது முழுவதையும் ஊதியமாகக் கொள்ளும் அபாயம் உண்டு. அதனால் 9 பேரின் பெயரும் வேலை செய்த நாட்களும் கொண்ட பட்டியலை ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துடன் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். அவர் அதைத் தரும்வரை அவருடைய அடுத்த பில்லை நிறுத்தி வையுங்கள். தொழிலாளர்களின் கூலியை மட்டும் நேரடியாகக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.