லேசருக்கு மாற்றாகக் கண்ணுக்குள் லென்ஸ்

கேள்வி: எனக்கு வயது 26. இரு கண்களிலும் மைனஸ் 11 பவர். கருவிழி மெல்லியதாக இருப்பதால் லேசர் சிகிச்சை வேண்டாம் என்றும், கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தலாம் என்றும் மருத்துவர் கூறுகிறார். அது பாதுகாப்பானதா?

பதில்: லேசர் சிகிச்சையில் கருவிழியின் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலம்) திசு செதுக்கி எடுக்கப்படுகிறது, பவர் கூடக்கூடச் செதுக்கும் அளவும் கூடுவதால், மெல்லிய கருவிழி நாளடைவில் வலுவிழந்து முன்னோக்கிப் புடைக்கும் அபாயம் உண்டு. ஆகவே உங்கள் மருத்துவர் லேசரை மறுத்தது சரியே. ஐசிஎல் எனப்படும் லென்ஸ் பொருத்தும்போது கருவிழித் திசு செதுக்கப்படுவதில்லை. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீறல் வழியே மடித்துச் செலுத்தப்படும் அந்த லென்ஸ் உள்ளே மெல்ல விரிந்து, ஐரிஸ் எனும் நிறமுள்ள வளையத்துக்குப் பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் அமர்கிறது. தேவைப்பட்டால் அதை வெளியே எடுத்துவிட முடியும் என்பதையே இதன் பெரிய அனுகூலமாக நான் கருதுகிறேன்.

ஆயினும் இதன் வெற்றி, சரியான அளவைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. இரு லென்ஸ்களுக்கும் இடையிலான இடைவெளி மிகக் குறைந்தால் கண்புரை வரலாம். மிகக் கூடினால் கண்ணின் உள் அழுத்தம் ஏறலாம். எனவே கண்ணின் முன்னறை ஆழமும், கருவிழியின் உட்புறச் செல்களின் எண்ணிக்கையும் போதுமானவைதாமா, பவர் ஓராண்டாவது மாறாமல் இருந்திருக்கிறதா என்று கேட்டறியுங்கள். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரிவதும் உண்டு.

இன்னொன்றைப் பலர் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது: கண்ணாடி போனாலும், அதிகக் கிட்டப்பார்வையால் விழித்திரைக்கு உள்ள ஆபத்து போவதில்லை. ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.