ஒரு பெயரை ஓரிடத்தில் மட்டும் எழுதுங்கள்

கேள்வி: எங்கள் தெருப் படிப்பகத்தில் யார் எந்த நூலை எடுத்துச் சென்றார் என்பதை எக்செல் கோப்பில் பதிந்து வருகிறேன். ஒரே உறுப்பினரின் பெயர் ஒரு வரியில் ‘முத்துலட்சுமி’ என்றும் வேறொரு வரியில் ‘முத்துலக்ஷ்மி’ என்றும் இருப்பதால், அவரிடம் உள்ள நூல்களின் கணக்குத் தவறிவிடுகிறது. தரவுகளைச் சேமிக்கவும் தேடவும் உதவும் எஸ்க்யூஎல் (SQL) மொழியைக் கற்றால் இது தீருமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தீரும். ஆனால் அதைத் தீர்த்து வைப்பது கட்டளைகளைவிட, கட்டளை எழுதுவதற்கு முன் நீங்கள் தாளில் வரைந்து பார்க்கும் அட்டவணைகளின் அமைப்புத்தான். ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த, தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் தொடர்புசார் தரவுத்தள முறையும், அதைக் கையாள அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட மொழியுமே இன்றைய எஸ்க்யூஎல்லுக்கு அடித்தளம்.

உங்களுக்கு உறுப்பினர், நூல், இரவல் என மூன்று அட்டவணைகள் போதும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மீண்டும் வராத ஓர் எண்ணைக் கொடுங்கள். இதைத்தான் பிரைமரி கீ என்கிறார்கள். இரவல் அட்டவணையில் பெயரே வரக்கூடாது; உறுப்பினர் எண், நூல் எண், எடுத்த நாள், திருப்பிய நாள் ஆகியவை மட்டும் இருக்கட்டும். முத்துலட்சுமியின் பெயர் ஒரே ஓரிடத்தில் இருக்கும்போது, எழுத்துப் பிழையையும் ஒரே ஓரிடத்தில் திருத்தினால் போதும். பெயரோடு பட்டியல் வேண்டும் என்றால், ஜாயின் கட்டளை எண்ணைக் கொண்டு உறுப்பினர், இரவல் அட்டவணைகள் இரண்டையும் இணைத்துத் தந்துவிடும்.

பழகுவதற்கு எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். அது இலவசம், தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும், அட்டவணைக்கும் அதன் பத்திகளுக்கும் (நெடுவரிசைகளுக்கும்) தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி தரும் வசதி. தொலைபேசி எண்ணை டெக்ஸ்ட் (எழுத்து) வகையாக வையுங்கள். எண் வகையாக வைத்தால் உங்கள் ஊரின் 04362 என்பது முன்னுள்ள பூஜ்யத்தை இழந்து 4362 ஆகிவிடும். நாள்களுக்கு அதில் தனி வகை கிடையாது. ஆகவே 2025-03-07 என ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் முன்பின் வரிசை தானாகவே சரியாக அமையும்.

திரும்பி வராத நூல்களைத் தேடும்போது புதியவர்கள் அநேகமாக ஒரு தவறு செய்கிறார்கள். திருப்பிய நாள் பத்தி காலியாக இருந்தால் அங்கே இருப்பது ‘மதிப்பு எதுவும் இல்லை’ என்பதைக் குறிக்கும் நல் (NULL). ‘திருப்பிய_நாள் = நல்’ என்று கேட்டால் பிழைச் செய்தியும் வராது, ஒரு வரியும் வராது; எல்லா நூலும் திரும்பிவிட்டன என்று நம்பிவிடுவோம். ‘திருப்பிய_நாள் இஸ் நல்’ (IS NULL) என்றுதான் கேட்க வேண்டும்.

கேள்வி: ஓர் உறுப்பினரின் முகவரியை மாற்ற அப்டேட் கட்டளை கொடுத்தேன், அனைவரின் முகவரியும் மாறிவிட்டது. பழையபடி மீட்க வழி உண்டா?
– வாசகர், விருதுநகர்

பதில்: எந்த வரிகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேர் (WHERE) என்ற பகுதியை விட்டுவிட்டிருக்கிறீர்கள். எந்த வரிகள் என்று சொல்லாதபோது, எல்லா வரிகளும் என்றே கணினி எடுத்துக்கொள்ளும். மாற்றங்களை உடனே நிலைபெற விடாமல் நிறுத்தி வைக்கும் பிகின் (BEGIN) கட்டளையைக் கொடுக்காமல் செய்திருந்தால் மாற்றம் அப்போதே நிலைபெற்றிருக்கும். முன்பு எடுத்து வைத்த நகல் கோப்பு இருந்தால் அதிலிருந்து மீட்பதே வழி.

இனிமேல் மாற்றுவதற்கு முன், அதே வேர் நிபந்தனையோடு, வரிகளை எடுத்துக் காட்டும் செலக்ட் (SELECT) கட்டளையைக் கொடுத்து, ஒரே ஒரு வரிதான் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு பிகின் கொடுத்து, அப்டேட் செய்து, மீண்டும் செலக்ட் கொடுங்கள். சரியாக இருந்தால் கமிட் (COMMIT) கொடுத்து மாற்றத்தை நிலைபெறச் செய்யுங்கள். ஒரு வரிக்குப் பதில் நூறு வரிகள் மாறியிருந்தால் ரோல்பேக் கொடுத்தவுடன் பழைய முகவரிகள் அப்படியே திரும்பிவிடும்.