மூன்று பாதி நாவல்கள்

ஐயா,
அறிவியல் புனைகதை, வரலாறு, கால்பந்து என்று மூன்று நாவல்கள் எழுதுகிறேன். மூன்றும் பாதியில் நிற்கின்றன. ஏதாவது ஒரு வகையில் நிலைத்து நிற்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். மூன்றுக்கும் தனித்தனிப் புனைபெயர் வைக்கலாமா? கால்பந்து நாவலின் ஓர் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
ர.

அன்புள்ள ர.,

புனைபெயர் உங்கள் இஷ்டம். நண்பர்களை விடுங்கள், அவர்களா எழுதப்போகிறார்கள்?

துப்பறியும் கதைக்காரர் என்று நாம் ஒதுக்கிவைத்த ஆர்தர் கோனன் டாயில் தன் வரலாற்று நாவல்களைத்தான் பெரிதாக மதித்தார். 1896இல் குத்துச்சண்டையையும் வரலாற்றையும் ஒரே நாவலில் கலந்தார். 1912இல் டைனோசார்கள் உலவும் பீடபூமிக்குக் கதையைக் கொண்டுபோனார். சில நாட்களாக என் மனதில் ஓடுவது அவருடைய கிரிக்கெட். முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது ஒரே விக்கெட். 1900இல், அந்தக் காலத்தின் பெரிய இங்கிலாந்து மட்டையாளர் டபிள்யூ.ஜி. கிரேஸுடையது. கிரேஸ் அடித்த பந்து நேரே மேலே போய் விக்கெட் கீப்பர் கையில் விழுந்தது, அவ்வளவுதான். கிரேஸ் அதற்குள் சதமும் அடித்துவிட்டார். ஆனால் டாயில் அதை ஒரு முழுக் கவிதையாக்கினார். அதில் பந்து வானத்தில் புள்ளியாகி, பிறகுதான் இறங்குகிறது.

சின்ன வயதில் அண்ணன் ஆடும் ஆட்டங்களுக்கு நான்தான் ஸ்கோர் எழுதுவேன். இரவில் அந்த நோட்டை விரித்து, புள்ளி புள்ளியாகத் தொட்டு ஒவ்வொரு பந்தையும் சொல்வான். எட்டாவது புள்ளிக்கு அப்புறம் அவுட். எழுதியதே நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஏழாவது புள்ளியில் அவன் விரல் நின்றால் எனக்கு மூச்சு அடைக்கும்.

வரலாற்று நாவலும் இதேதான். அரசன் தோற்பான் என்று தெரிந்தேதான் வாசகன் வருகிறான். அறிவியல் புனைகதையில் முடிவு தெரியாது, ஆனால் விதி தெரிய வேண்டும். ஆக்ஸிஜன் ஆறு மணி நேரத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டு, கடைசியில் இன்னொரு சிலிண்டரை நீட்டினால் அது போங்காட்டம்.

உங்களுக்கு வகைக் குழப்பமெல்லாம் இல்லை, சோம்பல். கடினமான இடம் வந்ததும் அடுத்த நாவலுக்குத் தாவுகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் இதே வியாதிக்காரன்.

அத்தியாயத்தைப் படித்தேன். கோல்கீப்பர் பெனால்டியை 'மின்னலெனத் தடுத்தான்' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எந்தக் கையால் தடுத்தான்? பந்து எங்கே போய் விழுந்தது? அதை எழுதி அனுப்புங்கள்.